தூதுவருக்கு வைத்த நண்டுக்கறி

நிறஞ்சலாவுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். மூக்கு நுனி கொவ்வைப்பழம் போலச் சிவந்து மூன்று நாள் மாறவில்லை. என் கண்ணால் கண்டது, நம்பாதவர்கள் விடலாம். எங்கள் மீன்பிடிக் கிராமமான வங்காலையில் பிறந்து, ஒரு வருடம் கன்னியர் மடத்தில் இருந்து பார்த்தாள். "உனக்குக் கேள்வி கூடிப்போச்சு, பிள்ளை" என்று மதர் அன்பாகத் திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு கொழும்புக்குப் போய் சர்வதேச உறவுகள் படித்து, ஒரு தூதரகத்தில் ஆறு மாதப் பயிற்சிக்குச் சேர்ந்தாள். எந்த நாடு என்று சொல்லமாட்டேன். குளிரான நாடு, அங்கே மீன் கடலுக்குள்ளேயே உறைந்துதான் வரும்.

பொய் சொல்ல வராத ஒருத்தியை இராஜதந்திரத்தில் விட்டால் என்ன நடக்கும்? முதல் மாதமே ஒரு விருந்தில் யாரோ வெளிநாட்டுக்காரர், "உங்கள் தூதுவரின் உரை எப்படி?" என்று கேட்க, "நீளம், சேர்" என்றாளாம். அன்றிலிருந்து அவளுக்கு விருந்து இல்லை, கோப்புகள்தான். அதிலாவது நிம்மதி உண்டா? 'கவலை' என்று எழுதுவதா 'ஆழ்ந்த கவலை' என்று எழுதுவதா என்று பதினொரு நாள் கூட்டம் போட்டார்களாம். அவள் மேசைக்குக் கீழே செபமாலை உருட்டிக்கொண்டு, "மாதாவே, இவையளுக்கு ஒரு வசனமாவது நேராய்ச் சொல்ல வரம் தாரும்" என்று மன்றாடுவாளாம்.

அந்தக் கோப்புகளுக்குள்தான் ஒரு நல்ல சேதி கிடந்தது. அக்கரை மீனவரையும் இக்கரை மீனவரையும் ஒரே மேசையில் இருத்திப் பேசவைக்க அந்தத் தூதரகம் ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. எந்தக் கிராமங்களை அழைப்பது என்பதை, தூதுவர் நேரில் போய்க் கேட்டுவந்து எழுதும் அறிக்கைதான் தீர்மானிக்கும். நிறஞ்சலாவின் நினைவுக்கு வந்தது திரேசம்மா. அக்கரை றோலர்கள், அந்த இழுவைப் படகுகள், அடிக்கடலை வாரிக்கொண்டு போனபோது ஏழு நண்டுவலையையும் பறிகொடுத்து, கரையில் இருந்து ஒப்பாரி வைத்த மனுசி. அவ வாய் திறந்து சொன்னால் போதும், வங்காலைக்கு அந்த மேசையில் ஒரு கதிரை நிச்சயம். நிறஞ்சலா மூன்று மாதம் நச்சரித்தாள். தூதுவர் நாற்பது நிமிடம் தந்தார். பதினொரு மணிக்கு வங்காலை, பன்னிரண்டேகாலுக்கு நானாட்டானில் வேறு கூட்டம்.

நாற்பது நிமிடம்! எங்கள் மீனவர் சங்கத் தலைவர் எமிலியானுசுக்குத் தொண்டையைச் செருமவே அவ்வளவு வேண்டும்.

வாகனம் திரேசம்மா வீட்டு முற்றத்தில் வந்து நின்றது. பாண்டு வாத்தியம் முழங்கியது. மாலை போட்டார்கள், அந்த மாலையின் பாரத்தில் தூதுவர் இரண்டங்குலம் கட்டையாகிப் போனார். பிறகு செபம், மங்கள விளக்கு, சிறுமிகளின் வரவேற்பு நடனம். பாட்டுப்பெட்டி இடையில் நின்றுபோனதால் நடனம் முதலிலிருந்து இன்னொருதரம். அதன் பிறகு எமிலியானுஸ் எழுந்து, வந்தவர்கள், வராதவர்கள், வர இருந்து சுகமில்லாமல் போனவர்கள் என்று ஒவ்வொருவராக விளிக்கத் தொடங்கினார்.

மொழிபெயர்ப்பதற்காகப் பக்கத்தில் நின்ற நிறஞ்சலா பல்லைக் கடித்துக்கொண்டு, "பெரியப்பா, நேரம் போகுது" என்றாள்.

"பொறு பிள்ளை. இன்னும் உப தலைவரையே சொல்லேல்லை. மனுசன் பிறகு கோவிப்பான்."

தூதரகத்து முதலாம் செயலாளர் என்றொரு நெட்டைப் பெண் மணிக்கூட்டைப் பார்த்தாள், நிறஞ்சலாவைப் பார்த்தாள், மறுபடி மணிக்கூட்டைப் பார்த்தாள். மிச்சம் ஆறு நிமிடம் என்றபோதுதான் ஒலிவாங்கி திரேசம்மாவின் கைக்கு வந்தது.

தூதுவர் முன்னால் குனிந்து கேட்டார். நிறஞ்சலா தமிழில் சொன்னாள்: "மாமி, உங்கடை கஷ்டம் என்னெண்டு ஐயா கேக்கிறார். சொல்லுங்கோ."

திரேசம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தா. "எங்களுக்கு ஒரு குறையுமில்லை ஐயா. எங்கடை கோயில் அன்னம்மாள் புண்ணியத்தில நல்லாயிருக்கிறம். நீங்கள் சாப்பிட்டியளோ?"

நிறஞ்சலா ஒலிவாங்கியைக் கையால் பொத்தினாள். "மாமி! வலை! வலையைச் சொல்லுங்கோ!"

"வீடு தேடி வந்த மனிசனுக்கு வந்தவுடன ஒப்பாரியே வைக்கிறது? தண்ணி வென்னி குடிக்கட்டும், பிள்ளை."

எல்லோரும் நிறஞ்சலாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஏழு வலை போனது என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னால் தூதுவருக்கு என்ன தெரியப்போகிறது? எங்களுக்கும்தான் என்ன? நான் அவள் மூக்கைக் கவனித்தேன். சொல்லிவிடடி, ஒரு பொய்தானே என்று மனசுக்குள் கத்தினேன். அவள் கண்ணை மூடினாள். 'பொய் சொல்லாதே' என்ற எட்டாம் கட்டளை வந்து குறுக்கே நின்றிருக்கவேண்டும். கேட்டதை அப்படியே சொன்னாள்: குறையில்லையாம், நல்லாயிருக்கிறார்களாம், நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறா.

செயலாளர் நிம்மதியாகக் குறிப்பேட்டை மூடினாள். அவ்வளவுதான், வங்காலையின் கதிரை போயிற்று. தூதுவர் எழுந்து கும்பிட்டார்.

அப்போதுதான் நிறஞ்சலா வழியை மறித்தாள். "சேர், நீங்கள் சாப்பிடாவிட்டால் இவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இது என் ஊர். எனக்குத் தெரியும்."

"அடுத்த கூட்டம் இருக்கிறது" என்றாள் செயலாளர்.

"அப்படியென்றால் குறையில்லை என்றே எழுதுங்கள். ஆனால் அதில் என் கையெழுத்து இருக்காது."

ஆறு மாதப் பயிற்சிக்காரியின் கையெழுத்து யாருக்கு வேண்டும்? ஆனாலும் தூதுவர் அவள் முகத்தை ஒருகணம் பார்த்துவிட்டு மறுபடி கதிரையில் இருந்தார். திரேசம்மாவின் குசினி அடுப்பில் தயாராக இருந்த புட்டும் நண்டுக்கறியும் வந்தன. மனிதர் நண்டுக் காலோடு மல்லுக்கட்டியதைச் சொன்னால் ஒரு புத்தகம் வரும். வெள்ளைச் சேர்ட்டில் குழம்பு தேசப்படம் கீறியது. மூன்றாம் நண்டுக்குப் பிறகு அவர் மலர்ந்த முகத்தோடு ஒரு சின்னக் கேள்வி கேட்டார்.

"மாமி, இது உங்கடை வலையில பட்ட நண்டோ எண்டு கேக்கிறார்."

திரேசம்மாவின் கையில் இருந்த அகப்பை நின்றுவிட்டது. "எங்கடை வலையோ? எங்கடை வலை எங்கையடி இருக்குது? இது பேசாலையில வாங்கின நண்டு! ஐயாவுக்குச் சொல்லு! வங்காலையில பிறந்தவள், நண்டிலயே வளந்தவள், வந்த விருந்தாளிக்கு நண்டு விலைக்கு வாங்கிச் சமைக்கிறாள் எண்டு சொல்லு!"

பிறகு யாரால் நிறுத்த முடியும்? ஏழு வலை, எந்தெந்த நாள், எந்தத் திசை, மகன் வெறும் வள்ளத்தோடு திரும்பிய காலைகள் என்று ஒன்று விடாமல் சொன்னா. இடைக்கிடை றோலர்காரரின் ஏழு தலைமுறைக்கும் சாபம் வேறு. நிறஞ்சலா சாபங்களையும் ஒன்று விடாமல் மொழிபெயர்த்தாள். தூதுவர் எச்சில் கையை நீட்டியபடியே இருந்தார். செயலாளர் குறிப்பேட்டைத் திறந்து வேகமாக எழுதினாள். நானாட்டானுக்கு ஒன்றேமுக்கால் மணித்தியாலம் பிந்திப் போனார்கள்.

பயிற்சி முடிவில் நிறஞ்சலாவுக்குக் கொடுத்த மதிப்பீட்டில், 'நேர முகாமைத்துவம் போதாது' என்று ஒரு வரி. அதை வாசித்து அவள் அழுதாளா சிரித்தாளா தெரியாது. ஆனால் அறிக்கையில் ஏழு வலையும் இருந்தன. வங்காலைக்கு அழைப்பு வந்தது, அதுவும் திரேசம்மாவின் பெயருக்கே. நிறஞ்சலா ஓடோடி வந்து கடிதத்தை அவவின் கையில் கொடுத்தாள்.

"மாமி, கொழும்பில கூட்டம். அக்கரை ஆக்களும் வருகினம். நீங்கள்தான் எங்கடை பக்கத்தில பேசவேணும்."

திரேசம்மா கடிதத்தை நெற்றியில் ஒற்றிக்கொண்டா. "எத்தினை பேர் வருவினம் பிள்ளை? என்னத்தைச் சமைச்சுக்கொண்டு போறது?"

"மாமி!" நிறஞ்சலா தலையில் கைவைத்தாள். "உங்கடை வலையை அறுத்தவையள் அவையள்!"

"ஓம், தெரியும். அதுக்காக? பசியோட இருக்கிறவனை எப்பிடியடி ஏசுறது?"