இருபத்தாறாம் தேதி வருகிறவள்

பாப்பு,

உன் வீட்டுக்காரர் போன் செய்தபோது கேண்டீனில் முதல் ஷிப்டுக்கான இட்லித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். "அக்கா, பாப்பு போயிட்டா," என்றார். எங்கே என்று கேட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டாய் என்றே நினைத்தேன். அவர் அழுத பிறகுதான் புரிந்தது.

உன்னைத் தெரிந்தவர்களுக்கு நம் சண்டையும் தெரியும். கல்யாணமாகிக் குள்ளஞ்சாவடிக்குப் போனவள், அங்கே புதுச் சபையில் சேர்ந்தாய். ஒரு டிசம்பரில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நான் ஸ்டார் கட்டிக்கொண்டிருக்கும்போது வந்து நின்றாய்.

"இதெல்லாம் பேகன் வழக்கம்க்கா."

"பாகனா? யானையே இல்லாத ஊர்ல பாகனுக்கு என்னாடி வேலை?"

சிரித்துவிட்டாய். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, பேகன் என்றால் அஞ்ஞானி என்று சொன்னாய். அந்தக் காலத்தில் ரோமாபுரியில் சூரியனைக் கும்பிட்டவர்களின் நாள்தான் டிசம்பர் இருபத்தைந்து, அதன்மேல்தான் நம் ஆட்கள் கிறிஸ்துமஸை வைத்தார்கள் என்று உங்கள் பாஸ்டர் சொன்னாராம்.

"சூரியனையும் அவருதானடி செஞ்சாரு?"

"செஞ்சவர வுட்டுட்டு செஞ்சதக் கும்புடக் கூடாதுன்னுதான் நானும் சொல்லிக்கினு இருக்கேன். வேதத்துல எங்கனா தேதி போட்டிருக்கா, காட்டு பாப்போம்."

"அஞ்சாவதோட நின்னவகிட்ட வேதத்த நீட்டுறியே, உனக்கே நல்லா இருக்கா?"

அந்த வருஷத்திலிருந்து நீ கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. மறுநாள் வந்தாய். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அடுப்படிக்குப் போய், மிஞ்சிய கறிக்குழம்பைச் சுடவைத்தாய். "இது பண்டிகச் சோறு இல்லக்கா, நேத்து சோறு," என்றாய். அடுத்த வருஷத்திலிருந்து மிஞ்சட்டும் என்றே கூடுதலாகக் கறி எடுத்தேன். உனக்கும் தெரியும். இருவரும் வாய் திறந்ததில்லை.

அம்மாவின் கல்லறையில்தான் அந்த விளையாட்டு முடிந்தது. கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தியை உன் கையில் கொடுத்தேன். நீ வாங்கவில்லை.

"இதுவும் வெளியிலேர்ந்து வந்ததுதான்க்கா. செத்தவங்களுக்கு எதுக்கு வெளக்கு? அம்மா வெளிச்சத்துலதான் இருக்குது."

"அப்ப வருஷா வருஷம் தாத்தாவுக்கு ஏத்தினாளே நம்ம அம்மா, அவ அஞ்ஞானியா?" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ அம்மா தலைமாட்டில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிவிட்டு, நான் தீப்பெட்டியை எடுக்கும் முன் போய்விட்டாய்.

அன்று சாயங்காலம் நீயே போன் செய்தாய். நல்லாயிருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை. வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்துவிட்டு வைத்துவிட்டாய். அதன் பிறகு ஒரு நாளும் தவறியதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தும் மூச்சு வாங்க வாங்க வாசித்தாய். உன்னுடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் குரல்தான். இப்போது நானே எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். பாதி வரியில் நான் தடுக்கினால் மீதியை நீ சொல்லிவிடுகிறாய்.

உன் அடக்கத்தில் சபையார் பாடினார்கள், ஜெபம் செய்தார்கள். மாலை இல்லை, மெழுகுவத்தி இல்லை. நீ சொல்லிவைத்தபடியே என்றார்கள். என் பையிலிருந்த பாக்கெட்டை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

குள்ளஞ்சாவடியில் உங்கள் சபைக்கென்று இடம் இல்லை. எங்கள் டவுன்ஷிப்பில் எல்லாச் சபைக்கும் ஒரே கல்லறைத் தோட்டம். உன்னை அம்மாவுக்கு ஒரு வரிசை தள்ளி வைத்திருக்கிறோம். வருகிற கல்லறைத் திருநாளில் உனக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெழுகுவத்தி எரியும். ஏற்றினால், பேச முடியாத உன்னிடம் நான் ஜெயித்தவள் ஆவேன். ஏற்றாமல் வந்தால், தங்கச்சியை இருட்டில் விட்டுவிட்டு வந்தவள் ஆவேன். இதில் எதை நீ பொறுத்துக்கொள்வாய், பாப்பு?