முருகன் படமும் மூன்றாவது ஆளும்

செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்கால். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன்... எதிர்வீட்டு சரசு கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் பை, பையின்மேல் மடித்த போர்வை. ஏழரைக்கு வரவேண்டிய காரைக் காணோம்.

சரசுவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். எட்டரைக்கு மெஷினில் படுத்துவிட வேண்டும். பிந்தினால் அடுத்தவருக்கு நேரமாகிறது என்று இவருக்குக் குறைத்துவிடுவார்கள். அப்படிக் குறைத்தால் மறுநாள் கால் வீங்கும், நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். நான் பார்த்திருக்கிறேன்.

தம்போயில் இருக்கும் எங்கள் தாமான் அறுபது வீட்டுக் குடியிருப்பு. அதில் கார் வைத்திருக்கும் ஆறு பேர் முறை போட்டு அவரை அழைத்துப் போகிறார்கள். இன்றைக்கு யார் முறை என்று ஞாபகப்படுத்துவது என் வேலை. அந்த வேலைதான் எனக்கு ஆகாது. ஒருவருக்குப் போன் போட்டு 'இன்னைக்கு நீங்க வரணும்' என்று சொல்ல வாய் வராது. ஆண்பிள்ளை எடுத்தால் பாதி வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவளுக்கு இவ்வளவு கூச்சமா என்று கேட்பீர்கள். எழுதும்போது நீங்கள் யாரும் எதிரில் இல்லையே.

இதைப் பார்த்துத்தான் பின்வீட்டு கவிதா ஓர் ஆப் செய்து கொடுத்தாள். செனாயில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். காலை ஏழு மணிக்கு அந்த ஆப்பே முறைக்காரருக்கு மெசேஜ் அனுப்பிவிடும். மூன்று மாதம் பிசகாமல் அனுப்பியது. இன்றைக்கு மட்டும் ஏன்...?

அன்று முறை முனியாண்டியுடையது. லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர், இரண்டு தெரு தள்ளி வீடு. வேறு வழியில்லை. போன் போட்டேன்.

"தம்பி... நான்தான்..."

"சொல்லுங்கக்கா."

"இல்ல... சரசு வெளிய உக்காந்திருக்கு..."

"இன்னைக்கு எனக்கா? மெசேஜ் ஒன்னும் வரலையே. சரி, தோசையில கை வெச்சிட்டேன். கழுவிட்டு வர்றேன்."

போனார்கள். பிந்தித்தான் போனார்கள். அரை மணி நேரம் குறைத்துவிட்டார்களாம். சரசு யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

சாயங்காலம் கவிதா லேப்டாப்போடு வந்தாள். சரசுவும் வந்து உட்கார்ந்தார்.

"ஃப்ரீ பிளான்ல போட்டிருக்கேன் ஆன்ட்டி. யாரும் திறந்து பாக்கலன்னா ஆப் தூங்கிடும். அதாத்தான் இருக்கும்."

ஆப் தூங்குமா? அப்படியானால் அதை எழுப்புவது யார்? நான் கேட்பதற்குள் அவளே இல்லை என்று தலையாட்டினாள். அது தூங்கவில்லையாம், முழித்துக்கொண்டுதான் இருக்கிறதாம். திரையில் வரிவரியாகச் சிவப்பு எழுத்து ஓடியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். துடைத்தாலும் அது இங்கிலீஷ்தானே.

"ஆன்ட்டி, உள்ள மூனு ஆள் வேலை செய்றாங்கன்னு வெச்சுக்குங்க. ஒரு ஆள் பேர் லிஸ்ட்ட காட்டிக்கிட்டே இருக்கணும். ஒரு ஆள் முறைக்காரங்களுக்கு மெசேஜ் அனுப்பணும். மூனாவது, போன வாரம் நீங்க கேட்டு வாங்கினது."

"நான் என்னம்மா கேட்டேன்?"

"முருகன் படம்."

ஆமாம், கேட்டேன். வெறும் பெயரை மட்டும் அனுப்புவது மொட்டையாக இருக்கிறதே, தாமானில் எல்லாருக்கும் காலையில் ஒரு முருகன் படமும் வணக்கமும் போனால் நன்றாக இருக்குமே என்று. திங்கட்கிழமை முதல் போகிறது. ஆறே முக்காலுக்குத் தொடங்கி அறுபது வீட்டுக்கும் ஒவ்வொன்றாக. முடிய அரை மணி நேரத்துக்கு மேல்.

"ஃப்ரீ பிளான்ல ஒரே நேரத்துல ரெண்டு ஆளுக்குத்தான் இடம். ஏழு மணிக்கு மெசேஜ் ஆள் எந்திரிச்சு வர்றான். முருகன் ஆள் இன்னும் முடிக்கல. இடமில்லன்னு வெளிய தள்ளிடுறாங்க."

"முருகன் முடிச்சதும் மறுபடி வந்து கேக்கலாமே?"

"ஒரு தரம்தான் கேக்கும். நான் அப்படித்தான் எழுதி வெச்சிருக்கேன்."

"அலமாக், கடவுளே! அப்ப தப்பு உன்னுதா, என்னுதா, முருகனுதா?"

"மூனு பேருக்கும் பங்கு இருக்கு லா."

அந்த ஆட்கள் வேலை செய்கிற கம்ப்யூட்டர் எங்கோ வெளிநாட்டில் இருக்கிறதாம். ஒரு கட்டடம் முழுக்கக் கம்ப்யூட்டராம். அவ்வளவு பெரிய இடத்தில் மூன்றாவதாக ஒருவன் நிற்க மூலை கிடையாதா? இருக்கிறது, மாதாமாதம் காசு கட்டினால் என்றாள் கவிதா.

அதுவரை வாய் திறக்காத சரசு சொன்னார்: "எனக்காக யாரும் கட்ட வேணாம். நான் பஸ்ஸுல போய்க்கிறேன்."

டயாலிசிஸ் முடிந்து எழுந்தால் சுவரைப் பிடித்து நடக்கிறவர். பஸ்ஸிலா?

முருகனை நிறுத்தச் சொன்னேன். மனதுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

புதன்கிழமை காலை என் போன் ஓயவில்லை. 'இன்னைக்கு படம் வரலையே?' 'உடம்பு சரியில்லையாக்கா?' 'முருகன் எங்க?' — பதினேழு பேர். இரண்டே நாள் வந்த படம். செவ்வாய்க்கிழமை மெசேஜ் வராதபோது, இன்றைக்கு யார் முறை என்று கார் வைத்திருக்கும் ஆறு பேரில் ஒருவராவது கேட்டாரா? வணக்கம் வராவிட்டால் உடனே தெரிந்துவிடுகிறது நமக்கு. வேலை வராவிட்டால்... நிம்மதியாகத் தோசை சாப்பிடுகிறோம்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. கவிதாவிடம் பயந்து பயந்துதான் கேட்டேன்.

"படத்துக்கு அடியிலயே யார் முறைன்னு எழுதிட்டா, ரெண்டு ஆள் வேலைய ஒரே ஆள் செஞ்சிடுவான் இல்ல?"

லேப்டாப்பைத் திறந்து தட்ட ஆரம்பித்தாள். "எனக்கு ஏன் தோணல" என்றாள்.

வியாழன் காலை முருகன் திரும்ப வந்தார். காலடியில் 'இன்று சரசு அக்காவை அழைத்துச் செல்பவர்: முனியாண்டி.' செவ்வாய் மெசேஜ் போகாததால், ஆப்பைப் பொறுத்தவரை அவர் முறை இன்னும் முடியவில்லையாம். நாற்பது வீட்டிலிருந்து கும்பிடும் கை பதிலாக வந்தது. முனியாண்டி மூன்று கை அனுப்பியிருந்தார்.

ஏழரை ஆனது. சரசு நாற்காலி போட்டுவிட்டார். காரைக் காணோம்.

"தம்பி, படத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேனே. கும்பிட்டுட்டேனே."

"அடியில பாத்தீங்களா?"

"சாமியப் பாத்தா போதாதாக்கா? அடியில எதுக்கு?"

"உங்க பேரு இருக்கு."

படத்தை மறுபடி திறந்து பார்த்தார் போலிருக்கிறது. பிறகு, "செவ்வாய்க்குத்தானே போனேன்..."

"சரசு உக்காந்தாச்சு. அஞ்சு நிமிஷத்துல வாங்க."

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். நான்கு நிமிடத்தில் கார் வந்தது. எட்டரைக்குச் சரசு மெஷினில் படுத்துவிட்டார், முழு நேரமும்.

சாயங்காலம் கவிதாவிடம் சொன்னேன் — படம் போகட்டும், ஏழேகாலுக்கு நானே ஒரு போன் போட்டுவிடுகிறேன்.

"அப்ப மூனாவது ஆள் நீங்கதான் ஆன்ட்டி."

"எனக்கு இடமில்லன்னு தள்ளிட மாட்டாங்களே?" என்று கேட்டேன். நிஜமாகவே தெரியாமல்தான்.