ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் நான் கேட்டது

எங்கள் தெருவில் யார் ஓட்டுக் கேட்டு வந்தாலும் தெருமுனைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். பிள்ளையார் கோயிலை ஒட்டிய முதல் வீட்டில்தான் நான் குடியிருந்தேன். நியாயப்படி முதல் கும்பிடு எனக்கு விழ வேண்டும். விழாது. தேங்காய் உடைத்த கையோடு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். தெருக்கோடி வரை போய், தொண்டை கட்டி, மாலை வாடித் திரும்பும்போது என் கதவில் ஒரு நோட்டீசைச் சொருகிவிட்டுப் போவார்கள். தாலியறுத்தவள் முகத்தில் முழித்துவிட்டுத் தொடங்கினால் டெபாசிட் போய்விடுமாம்.

நானும் என் வீட்டுக்காரரும் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு ஓடிவந்தவர்கள். அவர் சாதி வேறு, என் சாதி வேறு. இரண்டு வீட்டிலும் எங்களைத் தலைமுழுகிவிட்டார்கள். பெங்களூர் ரோட்டோரம் ஒரு பட்டறையில் அவருக்கு லேத்து வேலை கிடைத்தது. புதிதாக யார் குடிவந்தாலும் இந்த ஊரில் பெயருக்கு அடுத்த கேள்வி, "நீங்க இன்னா ஆளுங்க?" என்பதுதான். அவர் சிரித்துக்கொண்டே "லேத்து ஆளுங்க" என்பார். வீட்டுக்குள் வந்ததும் சிரிப்புப் போய்விடும். "யார் கேட்டாலும் நம்ம வாயில அது வரக்கூடாது. வேண்டாம்னு விட்டுட்டு வந்ததத் திரும்ப எடுத்து மாட்டிக்கக் கூடாது" என்பார். சரி என்றேன்.

ஒரு சித்திரை மாதத்து மத்தியானம் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. எதிர் வீட்டு சைக்கிள் கடைக்காரர்தான் முன்னின்று எல்லாம் செய்தார். பாடை கட்டியானதும் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"எம்மா, இப்பனாச்சும் சொல்லும்மா. இன்னா ஆளுங்க நீங்க? எந்தச் சுடுகாட்டுக்குத் தூக்கினு போறது?"

ஊரில் சாதிக்கொரு சுடுகாடு. அது எனக்குத் தெரியாததல்ல. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். வாய்க்கட்டுக்குமேல் அதே பிடிவாதம் அப்படியே இருந்தது. உயிரோடு இருந்தபோது கொடுத்த வார்த்தையைச் செத்த அன்றைக்கே எப்படி மாற்றுவது? நான் வாயைத் திறக்கவில்லை.

பெண்கள் பிள்ளையார் கோயிலோடு நின்றுவிட வேண்டும் என்பது இங்கே வழக்கம். எங்கள் ஊரிலும் அப்படித்தான். நின்றேன். பறைச் சத்தம் ரோட்டைத் தாண்டிப் போவதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். பொழுது சாய்ந்த பிறகு ஆண்கள் தலை ஈரத்தோடு வந்து, "நல்லபடியா முடிஞ்சிதும்மா" என்றார்கள்.

எங்கே என்று கேட்டேன். "சுடுகாட்லதாம்மா" என்றார்கள். எந்தச் சுடுகாடு என்றேன். "அதாம்மா, அங்க" என்றார் ஒருவர். மறுநாள் பால் தெளிக்கவும் அவர்களே போனார்கள். எலும்பைக் கடலில் கரைத்தாயிற்று என்றார்கள். பிறகு நானே ஒவ்வொரு சுடுகாட்டு வெட்டியானையும் தேடிப் போய்க் கேட்டேன். எல்லோரும் சொல்லி வைத்தாற்போல, "எங்களாண்ட வரலியேம்மா" என்றார்கள்.

செத்துப்போனவரை நினைத்து அழுவதற்கும் ஒரு திசை வேண்டும். எனக்கு அது இல்லாமல் போனது. கோபம் வந்தால்கூட எந்தப் பக்கம் திரும்பி அவரைத் திட்டுவது என்று தெரியாது.

ஊருக்குத் திரும்ப வழியில்லை. சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை கிடைத்தது. கைம்பெண்களுக்கு முதலிடம் என்றார்கள். அதற்காவது என்னை முதலில் கூப்பிட்டார்களே என்று நினைத்துக்கொண்டேன். பகலெல்லாம் பிள்ளைகள் காது கிழியக் கத்துவார்கள். வீட்டுக்கு வந்து எனக்கென்று ஒரு கைப்பிடி அரிசி களைந்து போடும்போதுதான் சத்தமில்லாத வீடு எப்படி இருக்கும் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் துணி மூட்டையோடு ஏரிக்குப் போவேன். ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடும் கலங்கல் பக்கம் ஒரு துவைகல் உண்டு. மற்றப் பெண்கள் படித்துறையிலேயே நின்றுவிடுவதால் அந்தக் கல் எனக்கே எனக்கு. அவருடைய காக்கிச் சட்டையையும் வாராவாரம் துவைப்பேன். வாசல் கொடியில் ஓர் ஆம்பளைச் சட்டை காய்ந்தால் தெருவில் போகிறவன் இரண்டாம் தடவை எட்டிப் பார்க்க மாட்டான்.

அவர் போய் நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். பேரூராட்சிக்குத் தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் மூன்று பேர் நின்றார்கள். மனசில் கிடக்கும் கேள்வியைக் கும்பிடு போட வருகிறவனிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது என்று தோன்றியது. அவர்கள் என் வீட்டைத் தாண்டிப் போனால் நானே எதிரே போய் நின்றுவிட்டால் ஆயிற்று.

முதலில் வந்தவர் தராசுச் சின்னம். அரிசி மில் வைத்திருந்தார். தேங்காய் உடைந்த சத்தம் கேட்டதும் வெளியே வந்து நேர் எதிரே நின்றேன். குழாயடிக்குப் போகக் கிளம்பியிருந்ததால் இடுப்பில் வெறும் குடம் வேறு. மேளக்காரர் தானாகவே நிறுத்திவிட்டார்.

"இன்னாம்மா?" என்றார் தராசுக்காரர், முகம் சுண்டிப்போய்.

"ஓட்டு உங்களுக்கே போடுறேண்ணே. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வெளியூர்லருந்து பிழைக்க வந்தவங்க செத்தா இந்த ஊர்ல எங்க எரிக்கிறது? பொதுவா ஒரு இடம் கொடுப்பீகளா?"

"நல்ல நாளும் அதுவுமா இன்னாம்மா பேச்சு இது? லைட்டு கேளு, கொழா கேளு."

"லைட்டும் குழாயும் உசிரோட இருக்கவங்களுக்கு. நான் செத்தவருக்குக் கேக்கேன்."

அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். பிள்ளையாருக்கு இன்னொரு தேங்காய் உடைக்கச் சொன்னதாகப் பக்கத்து வீட்டுக்காரி பிறகு சொன்னாள். "உனுக்கு ஏன்மா இந்த வேல? சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த கதையா" என்று திட்டவும் செய்தாள்.

அடுத்து வந்தவர் குடைச் சின்னம். பேன்ட் போட்ட இளவட்டம். எதைக் கேட்டாலும் கட்டிவிடுகிறவர். "பொதுவா ஒரு சுடுகாடு கட்டிடலாங்க்கா. கொட்டாய், தண்ணித் தொட்டி, ரோடு, எல்லாம் போட்டுக் குடுத்துடறேன்" என்றார்.

"எங்க?"

"நீங்களே எடம் சொல்லுங்கக்கா."

சிரிப்பு வந்துவிட்டது. சுடுகாட்டுக்கு என்னிடமே இடம் கேட்டவர் அவர் ஒருத்தர்தான். "எங்க வீட்டுக்காரர எங்க வச்சு எரிச்சாங்கன்னு விசாரிச்சுச் சொல்லுங்க. அங்கனயே கட்டிருவோம்" என்றேன். அவர் கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் தெருக்காரர் ஒருவர் அவர் காதில் ஏதோ சொன்னார். இளவட்டத்தின் முகம் மாறிவிட்டது. "வர்றங்க்கா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

தெரு ஆண்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

மூன்றாவது ஆள் பூட்டுச் சின்னம். அது எதிர் வீட்டு சைக்கிள் கடைக்காரர். இந்தப் பிள்ளையாருக்கு அவர் தேங்காயே உடைக்கவில்லை. தெருக்கோடியிலிருந்து தொடங்கி, எனக்கு மூன்று வீடு முன்னால் வந்ததும் கும்பலைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மற்றவர்கள் சகுனத்துக்குப் பயந்தார்கள் என்றால் இவர் என் கேள்விக்குப் பயந்தார். எதிர் வீட்டில் இருந்துகொண்டு என் கண்ணில் படாமல் நடப்பது லேசான காரியமில்லை. அவர் அதைச் செய்தார்.

ஓட்டுப் போடுவதற்கு முந்தைய நாள் பிரசாரம் ஓய்ந்திருந்தது. சாயங்காலம் அவர் தனியாக வந்தார். மாலை இல்லை, நோட்டீசு இல்லை. வாசல்படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலே பேசினார்.

"ஓட்டுக்கு வரலம்மா. நாளைக்கு நீ எனுக்குப் போட வேணாம். சொல்லிட்டுப் போலாம்னு வந்தன்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மொதல்ல எங்க சுடுகாட்டுக்குத்தான் தூக்கினு போனோம். 'இன்னா ஆளு'ன்னு எங்க பெரியவங்களே கேட்டாங்க. தெரியாதுன்னன். தெரியாதத உள்ள வுட முடியாதுன்ட்டாங்க. அடுத்த எடத்துக்குப் போனோம். அங்கயும் அதான். இன்னொரு எடத்துல வெட்டியானே கும்புட்டு அனுப்பிட்டான். வெயில் சாஞ்சிட்சி. தோள்ல வெச்சினு எவ்ளோ நேரம் சுத்தறது? அந்த வருசம் ஏரி காஞ்சி வெடிச்சிக் கெடந்துச்சி. உள்ள எறங்கிட்டோம். கலங்கல் பக்கம் ஒரு துவைகல் கீதே, அதுக்கு நேரா வெச்சித்தான் கொளுத்தனோம். எலும்ப கடல்ல கரைக்கல. அங்கயே தோண்டிப் பொதச்சிட்டோம். அப்பறம் ஐப்பசில தண்ணி வந்துட்சி."

தரையில் உட்கார்ந்தேன். கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"ஏண்ணே, அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா விசயம் தெரு பூரா பரவும். ஒரு பொம்பள ஏரில கால் வெக்க மாட்டா. அப்பறம் தண்ணிக்கு எங்க போவாங்க? யாரும் மூச்சு வுடக் கூடாதுன்னு பேசி வெச்சிக்கினோம்." சொம்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "மறு வருசம் நீ அந்தக் கல்லாண்டயே போயி அவுரு சட்டயத் தொவைக்கிறத பாத்தன். அத்தொட்டு உன்னாண்ட வாயத் தெறக்கவே முடியலம்மா. நீயும் அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா…"

தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் ஓட்டுப் போட்டேன். யாருக்கு என்று இன்றைக்கும் சொல்லப் போவதில்லை. பூட்டுக்காரர் தோற்றார், தராசுக்காரர் ஜெயித்தார், தெருவுக்கு லைட்டு வந்தது. பொதுச் சுடுகாட்டைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

ஓட்டுப் போட்டுவிட்டு, விரலில் மை காயுமுன்னே துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போனேன். பெண்கள் எல்லோரும் பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நின்றதால் ஏரியில் ஒருவரும் இல்லை. தண்ணீர் கல்லின் பாதி உயரத்துக்கு நின்றது. எத்தனையோ தடவை அதில் முழங்கால் வரை இறங்கி நின்றிருக்கிறேன். சோப்புத் தீர்ந்ததற்கும், பிள்ளைகள் படுத்திய பாட்டுக்கும், வாடகை ஏற்றியதற்கும் அங்கே நின்று வாய்விட்டுப் புலம்பியிருக்கிறேன். ஆளில்லை என்ற தைரியத்தில்தான்.

"என்னங்க" என்று கூப்பிட்டேன். வெட்கமாக இருந்தது. மேற்கொண்டு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

காக்கிச் சட்டையை நனைத்துச் சோப்புப் போட்டேன். வழக்கம்போல முறுக்கிக் கையை ஓங்கினேன். அடிக்க முடியவில்லை. சட்டையை மெல்லத் தண்ணீரில் விட்டு அலசிப் பிழிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அங்கே போனேன். அந்தக் கல்லில் ஒரு துணியையும் நான் அடித்துத் துவைத்ததில்லை.