கீழ்த்தாடையில் இரண்டு மில்லிமீட்டர்

பல் மருத்துவமனையின் கடைக்கோடி அறையில், பன்னிரண்டு வருடமாகக் குழந்தைகளின் வாய் அச்சில் பிளாஸ்டர் மாவு ஊற்றிப் பல் வார்ப்பு எடுத்தவரை எல்லோரும் மாவுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். எல்லாம் உதடும் அண்ணமும் பிளந்து பிறந்து, தையலோடு வளர்ந்த பிள்ளைகள். வைத்தியம் எந்த மட்டில் பலித்திருக்கிறது என்று பார்க்க வருடம் ஒருமுறை வெளியூர் டாக்டர்கள் இரண்டு பேர் வருவார்கள். வார்ப்புகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அவற்றை நீள மேசையில் வரிசையாக நிறுத்தி மார்க் போடுவார்கள். ஒன்று என்றால் அருமை, ஐந்து என்றால் படுமோசம்.

இந்த வருடம் நாற்பது வார்ப்பு. பதினேழாம் எண் அவருடைய மகள், எட்டு வயது.

எண்ணை ஒட்டிவிட்டால் பெற்றவனுக்கு அடையாளம் தெரியாதா என்ன! மேல்பல் வரிசை கீழ்வரிசைக்குப் பின்னால் போய் ஒளிந்திருந்தது. நாலு மார்க், சந்தேகமே வேண்டாம். தன் பிள்ளை மேசையின் மோசமான கோடியில் நிற்கப்போகிறாள் என்பதை மனுஷனால் பொறுக்க முடியவில்லை. மார்க் என்ன சோறா போடப்போகிறது, அறிக்கையில் தூங்குகிற எண்தானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். கீழ்த்தாடை வார்ப்பின் பின்பக்கத்தைச் சக்கரத்தில் கொடுத்து இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாகத் தேய்த்தார். மேல், கீழ் வார்ப்புகளின் பின்பக்கங்களை ஒரே மட்டமாகச் சேர்த்து மேசையில் நிறுத்தியபோது கீழ்ப்பல் சமர்த்தாகப் பின்வாங்கி நின்றது. இரண்டு மார்க் வந்தது. வீட்டில் போய்ப் பீற்றிக்கொள்ளவும் செய்தார், பாவி.

மறுவாரம் மருத்துவமனைக்குப் புதிதாக வந்த டாக்டரம்மா ஒரு பட்டியலோடு வந்தார்.

“இந்தத் தடவை மார்க்கை வெச்சே ட்ரீட்மென்ட் முடிவு பண்ணிட்டேண்ணே. நாலு, அஞ்சு வாங்கின பிள்ளைங்களுக்கு இப்பவே முகத்துல கம்பி மாட்டணும். ஒண்ணு, ரெண்டெல்லாம் பதினாலு வயசுக்கு மேல வந்தா போதும்.”

அந்தக் கம்பி மேல்தாடையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் இழுக்கும். இந்த வயதில்தான் எலும்பு சொன்னபடி கேட்கும். விட்டால், வளர்ந்த பிறகு தாடையை அறுத்துத்தான் நகர்த்த வேண்டும். மாவுக்காரருக்கு இதெல்லாம் மனப்பாடம். பட்டியலில் பதினேழாம் எண் பதினாலு வயசுக் கூட்டத்தில் இருந்தது.

அன்று மத்தியானமே பதினேழாம் வார்ப்பைக் கைதவறியதுபோல் கீழே போட்டு உடைத்தார். வார்ப்பு இல்லையென்றால் புதிதாக அச்செடுத்துத்தானே ஆகவேண்டும்?

“அடடா, போகட்டும் விடுங்க. மார்க்தான் போட்டாச்சே. எதுக்கு உங்க பொண்ணு வாயில திரும்ப அந்தப் பசையைத் திணிக்கணும்?” என்றார் டாக்டரம்மா, ஆறுதலாக.

இரண்டு நாள் மென்று விழுங்கினார். சொன்னால் வேலைக்கு உலை, சொல்லாவிட்டால் மகளின் முகத்துக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். வீட்டிலோ அவள் கண்ணாடி முன்னால் நின்று, “எனக்கு ரெண்டு மார்க்காமே! அப்ப நான் பாஸா அப்பா?” என்று பல்லைக் காட்டினாள்.

மூன்றாம் நாள் டாக்டரம்மாவின் மேசை முன்னால் போய் நின்றார்.

“நாந்தான் தேய்ச்சேன் டாக்டர். என் பொண்ணோடது நாலு.”

டாக்டரம்மா பட்டியலை எடுத்துப் பதினேழாம் எண்ணின் மார்க்கை அடித்துத் திருத்தினார்.

“அவளுக்குக் கம்பி போட்டுடலாம். மத்த முப்பத்தொன்பதுல எதையெல்லாம் தேய்ச்சீங்க?”

“சத்தியமா வேற எதையும் தொடலை.”

“நான் நம்புவேன். ஆனா அந்தப் பிள்ளைங்களைப் பெத்தவங்க ஏன் நம்பணும்? எல்லாருக்கும் திரும்ப அச்செடுக்கணும். நீங்களே போன் பண்ணி வரச் சொல்லுங்க. ஏன்னு கேட்டா உண்மையைச் சொல்லுங்க. உங்க வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

முதல் வீட்டின் போன் எண்ணை அழுத்தினார். ஒரு தாய் எடுத்தாள். மகன் ஒன்று வாங்கியவன். திரும்ப அச்செடுக்க அவனைக் கூட்டிவர வேண்டும் என்றார்.

“என்னண்ணே, அப்ப அந்த மார்க் பொய்யா? அதைக் கேட்டப்புறம்தான் அவன் வாயைப் பொத்தாம சிரிக்கிறான்.”

“பொய் இல்லம்மா. உங்க பையனோடதை நான் தொடவே இல்லை.”

“பின்ன எதுக்குத் திரும்ப வரச் சொல்றீங்க?”

காரணத்தைச் சொன்னார்.

“உங்க பொண்ணுக்காகப் பண்ணீங்க, சரி. என் பையன்கிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

இன்னும் முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள்.