முதலை என்று எழுதிய போத்தல்கள்

சுனாமி வந்து மூன்றாம் கிழமை, செட்டிபாளையத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் புளியந்தீவுக்கு வந்து என்னைத் தேடினார். வாவிக் கரையில் சனங்கள் ஒரு முதலையை அடித்துக் கொன்றுவிட்டார்களாம். அதன் வயிற்றைக் கிழித்துப் பார்க்கவேண்டும், கத்தி வைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை, "முதலை மிஸ்ஸைக் கூட்டிட்டு வா" என்று அனுப்பியிருந்தார்கள்.

அந்தப் பெயர் எனக்கு அதற்கு முந்திய வருடம் கிடைத்தது. பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வுகூடத்தில் எனக்குத் தற்காலிக வேலை. வாவியில் முதலைகள் குறைந்துகொண்டே போயின. மிஞ்சியவை எத்தனை தாய்களின் வழி வந்தவை, நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகி நலிந்துபோகின்றனவா என்பதை மரபணுவை வைத்து அறிவதுதான் எங்கள் ஆய்வு. அதற்கு முதலையைப் பிடிக்கத் தேவையில்லை. குஞ்சு பொரித்துப் போன முட்டைக் கோதின் உட்தோல் போதும். செத்த முதலை அகப்பட்டால் வாலில் நகமளவு தோல். ஸ்பிரிட் நிரப்பிய சின்னப் போத்தலில் அதைப் போட்டு, இலக்கமும் இடமும் எழுதி வைப்போம். போதிய அளவு சேர்ந்ததும் கொழும்புக்கு அனுப்புவதாக ஏற்பாடு. கோது பொறுக்கிக்கொண்டு கரை கரையாகத் திரிந்த என்னைப் பார்த்துச் சிரிக்காத ஊர் இல்லை.

அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. முதலை மல்லாந்து கிடந்தது. கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் சேர்ட் இல்லாத ஒருவர் குந்தியிருந்தார். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலிருந்த அவருடைய வீட்டை அலை வாரிக்கொண்டுபோய் வாவிக்குள் போட்டிருந்தது. அவரும் மனைவியும் தப்பினார்கள். ஏழு வயது மகளைக் காணவில்லை.

நான் வயிற்றைத் திறந்தேன். நண்டு ஓடு, கூழாங்கற்கள், ஒரு துண்டு நைலோன் வலை. "ஒண்டுமில்ல அண்ணன்" என்றேன். அவர் நம்பவில்லை. முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினார். பிறகு வாவித் தண்ணீரில் நெடுநேரம் கை கழுவினார்.

எனக்கோ பழக்கதோஷம். கத்தி கையில் இருந்தபடியால் வாலில் ஒரு துண்டு வெட்டிப் போத்தலில் போட்டேன். அவர் அதைக் கண்டுவிட்டார்.

"அது எதுக்கு மிஸ்?"

"இத வெச்சு இது எந்தத் தாய்ட குட்டி எண்டு கண்டுபிடிக்கலாம்."

"செத்த பிறகுமா?"

"ஓம்."

"மனிசருக்கும் பார்க்கலாமா?"

"பார்க்கலாம் அண்ணன்."

"பள்ளிக்கூட வளவுல பேர் தெரியாத புள்ளைகள் கிடந்திச்சு. நாங்க போறதுக்குள்ள முகமெல்லாம் ஊதிப் போயிட்டு. நானும் மனிசியும் ஒவ்வொண்டாப் பார்த்தம். தெரியல்ல. எல்லாரையும் ஒரே குழிக்குள்ள தாட்டுட்டாங்க." போத்தலைக் காட்டினார். "அண்டைக்கு இது உங்களிட்ட இருந்திச்சா?"

இருந்தது. என் அறைக் கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டி நிறைய இருந்தது. அந்த நாட்களில் நான் ஆஸ்பத்திரியில் சவங்களைத் துணியில் சுற்றிக்கொடுக்கும் வேலையில் நின்றேன். கையில் கையுறை, கத்தரிக்கோல்கூட இருந்தது. ஒரு துண்டு வெட்டி வைப்போம் என்று ஒரு கணமும் தோன்றவில்லை. வாவியில் எந்த முதலை எந்த முதலைக்குச் சொந்தம் என்று தேடித் திரிந்தவள் நான்.

"இருந்தது" என்றேன்.

"ம். முதலைக்கெண்டு வெச்சிருப்பீங்க" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. எனக்காக ஒரு காரணம் தேடித் தந்ததுபோலச் சொன்னார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

நாலைந்து மாதம் கழித்து ஆய்வு திரும்பத் தொடங்கியபோது, தோணி வலிக்க அவரே வந்து நின்றார். முதல் நாள் தோணியில் ஒரு தடித்த பொல்லும் கிடந்தது. முதலையைக் கொல்லத்தான் வந்திருக்கிறார் என்று பயந்தேன். அவர் அதை ஒருநாளும் கையில் எடுக்கவில்லை. எங்கே கூடு, எங்கே தாய் காவல் நிற்கிறது என்பதெல்லாம் என்னைவிட அவருக்கே தெரியும். ஒருநாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். "எங்க ரெண்டு பேருட்டயும் எடுத்து வையுங்க மிஸ். எண்டைக்காவது அந்தக் குழியத் தோண்டினாலும் தோண்டுவாங்க." தோண்டமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். என்றாலும் இருவரின் கன்னத்தின் உட்புறத்திலும் பஞ்சால் ஒற்றி எடுத்து வைத்தேன்.

அதற்குப் பிறகு திரும்பவும் போர் மூண்டது. இரவில் ஆட்களைப் பிடித்து ஏற்றிப் போன வான்களைப் பற்றி ஊர் மெல்லிய குரலில் பேசியது. பகலில் வாவியில் சவம் மிதந்தது. யார் செய்தது என்று வாய்விட்டுக் கேட்பவரில்லை. ஒரு காலை, கோது தேடிக் கண்டல் மரங்களின் ஓரமாகப் போகையில் தோணி எதிலோ முட்டியது. இளைஞன் ஒருவன், குப்புறக் கிடந்தான். கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன.

"தோணியத் திருப்புங்க அண்ணன், போவம்" என்றேன். அவர் கோலைச் சேற்றில் ஊன்றித் தோணியை நிறுத்தினார்.

"எடுங்க மிஸ்."

"செக்பொயின்ற்ல பிடிச்சா ரெண்டு பேர்ட கதையும் முடிஞ்சிது."

"முதலை எண்டு எழுதுங்க. ஆருக்குத் தெரியப்போகுது? இவனையும் ஒருத்தி தேடுவாள்தானே."

காது மடலில் ஒரு துண்டு வெட்டினேன். போத்தலில் முதலை இலக்கம் எழுதி, மூடியில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தேன். திரும்பும் வழியில் சென்றியில் நின்ற ஆமிக்காரன் போத்தலை வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தான். "கிம்புலா" என்றேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் முதலைக்கு அதுதான் சொல். அவன் முகத்தைச் சுளித்துச் சிரித்துவிட்டுத் தந்தான். அடுத்த நாள் அந்த இடத்தில் சவம் இல்லை.

அந்த வருடத்தில் அப்படி மூன்று போத்தல்கள் சேர்ந்தன.

வாவிக்கு அப்பால் படுவான்கரைக்கு ஷெல் அடி தொடங்கியபோது, அங்கே அகப்பட்டிருந்த மாமியாரைக் கூட்டிவரப் போன தோணிக்கார அண்ணன் திரும்பவில்லை. அவர் செத்த செய்தி எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் கிடைத்தது. அவருடைய மனைவியை முகாமில், தறப்பாள் கொட்டிலுக்குள் கண்டேன். நான்தான் அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவருக்கெண்டாலும் தாட்ட இடம் தெரியும் மிஸ்" என்றார். பிறகு அவர் வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போய்விட்டார்.

போர் முடிந்த பிறகுதான் மாதிரிகளைக் கொழும்புக்கு அனுப்ப முடிந்தது. அனுப்புமுன் புள்ளி வைத்த மூன்றையும், அந்தப் புருசன் பெண்சாதியின் இரண்டையும் எடுத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தேன். முடிவு வந்தது. நாங்கள் பயந்ததுதான்: வாவி முதலைகள் எல்லாம் ஒருசில தாய்களின் வழி வந்தவை. அந்தத் தாய்கள் முட்டையிடும் இரண்டு கரைகளைக் காப்பாற்றவேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். பேராசிரியர் எனக்குக் கை தந்தார். நான் நன்றி சொன்னேன்.

அந்த நாட்களில் அரச அலுவலகமான கச்சேரிப் பக்கம் தாய்மார் காணாமல்போன பிள்ளைகளின் படங்களை ஏந்திக்கொண்டு வெயிலில் நிற்பார்கள். பலமுறை அவர்களைக் கடந்து போயிருக்கிறேன். ஒருநாள் மாதிரிகளைப் பதிந்து வைத்த கொப்பியை எடுத்துக்கொண்டு போய் ஓரமாக நின்றேன். பக்கத்தில் ஏறாவூர்ப் பக்கத்து அம்மா ஒருவர்.

"உங்கட ஆரக் காணல்லகா?"

"எனக்கு ஒருத்தருமில்ல. நான் மூண்டு பேரக் கண்ட நான். வாவிக்குள்ள, சவமா."

அவர் கத்தவில்லை. என்னை மதிலோரம் கூட்டிக்கொண்டுபோய், மகனின் படத்தைக் கையில் தந்தார். "எந்தப் பக்கம்? என்ன உடுப்பு?"

கொப்பியைத் திறந்தேன். இலக்கம் இருந்தது. திகதி, இடம், நீளம், கரையிலிருந்து தூரம், தண்ணீரின் உவர்ப்பு எல்லாம் இருந்தன. உடுப்பு இல்லை. சென்றியில் பிடிபடக்கூடாது என்று முதலைக்கு எழுதுவதைத்தான் எழுதியிருந்தேன்.

"முகம்?"

படத்தைப் பார்த்தேன். மீசை அரும்பிய பையன் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். ஒருவரையும் நான் முகம் பார்த்திருக்கவில்லை. குப்புறக் கிடந்தவனைத் திருப்பவே இல்லை. வெட்டவேண்டிய காதை மட்டும் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தெரியல்லம்மா. ஆனா மூண்டு பேரிலயும் ஒவ்வொரு துண்டு வெட்டி வெச்சிரிக்கன், தாய்ட எடுத்தா ஒத்துப் பார்க்கலாம்."

அந்த அம்மா மதிலில் சாய்ந்து நின்றார். பிறகு, "எப்பிடி எடுக்கிற? ஊசியா?" என்று கேட்டார். வாயிலிருந்து பஞ்சால் என்றேன். அந்த இடத்திலேயே, தெருவில் சனம் போய்வர, வாயைத் திறந்து காட்டினார். என்னிடம் பஞ்சு இல்லை. அடுத்த கிழமை கொண்டுபோனேன். அவர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தார்.

கொழும்பு ஆய்வுகூடம் மறுத்துவிட்டது. நீதிமன்றக் கட்டளை இல்லாமல் மனித மாதிரியைத் தொடமாட்டோம் என்றார்கள். ஒரு சட்டத்தரணியிடம் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "உங்களுக்கு வெட்ட அனுமதி தந்தது ஆர்?" என்றார். ஒருவருமில்லை என்றேன். இதை வெளியில் சொல்லாதீர்கள், முதலில் உள்ளே போவது நீங்கள்தான் என்றார். தாய்மாரிடம் அதை அப்படியே சொன்னேன். மற்ற இருவரும் பிறகு வரவில்லை. போத்தல்களும் பஞ்சுகளும் என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன.

ஏறாவூர்ப் பக்கத்து அம்மா மட்டும் இடைக்கிடை போன் எடுப்பார். முடிவு என்ன, வழக்கு என்ன என்று கேட்பதை விட்டு வெகுகாலம். மழைக்காலத்தில்தான் கூடுதலாக எடுப்பார்.

"மிஸ், உங்கட பக்கம் கரண்ட் இரிக்கா?"

"இரிக்கி அம்மா" என்பேன். வைத்துவிடுவார்.