பொழுது சாய்வதற்குள் ஒரு மாத்திரை

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இருபத்தாறு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர் ஜம்புகுமார். விழுப்புரம் வண்டி நாலு நிமிஷம் லேட் என்றால், அவர் பார்க்கிற பார்வையிலேயே டிரைவருக்கு வியர்த்துவிடும். அப்பேர்ப்பட்ட மனுஷர், ரிட்டயரான பிறகு ஐந்து மாதம் மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்றால் யார் நம்புவார்கள்? அவர் மனைவி குணமதிக்கு இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

தொண்ணூற்று மூன்றில் தலைச்சுற்றல் என்று போனபோது பிரஷர் நூற்றெண்பது. அப்பளத்தையும் ஊறுகாயையும் விடச் சொன்னார் டாக்டர் பரசுராமன். "காலையில ஒண்ணு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு. மறக்கவே கூடாது" என்றார். இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி தலையாட்டினார்கள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. அவர்கள் நயினார் வீட்டுக்காரர்கள், தமிழ்ச் சமணர்கள். இருட்டில் தெரியாமல் பூச்சி புழுவின் உயிர் போய்விடக் கூடாதென்று, பொழுது போனபின் சோறு என்ன, தண்ணீர்கூட வாயில் படாது. ராத்திரிச் சாப்பாடே இல்லாத வீட்டில் அதற்கு அப்புறம் என்று ஒரு நேரம் ஏது? குணமதி காலை மாத்திரையை மட்டும் கொடுத்துவந்தாள். பிரஷர் இறங்காததால் டாக்டர் பவரைக் கூட்டினார். அதிலும் பாதிதான் உள்ளே போயிற்று.

ஒருநாள் காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவரின் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வலது கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அதற்குள் குணமதிக்கு உயிர் போய் வந்தது.

வீட்டிலிருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார் டாக்டர். குணமதி மஞ்சப்பையை மேஜைமேல் கவிழ்த்தாள். பிரிக்காத அட்டைகளாகக் கொட்டின.

"இன்னாம்மா இது, இவ்ளோ மிச்சம்?"

"அதெல்லாம் ராத்திரி மாத்திரைங்க டாக்டர். இவருதான் ராத்திரி சாப்பிடறதே இல்லையே!"

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கேக்காம விட்டது என் தப்பும்மா. இனிமே சாயங்காலம் அஞ்சரைக்கு சாப்பாட்டோட குடுங்க. ஒரு வேளை விட்டாலும் ஆபத்துதான். அடுத்த வாட்டி இழுத்தா கை திரும்பி வராது."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் தினமும் ஐந்து மணிக்கு ஒரு சண்டை நடந்தது. மலை ஊருக்கு மேற்கே நிற்கிறது. சூரியன் சீக்கிரமே அதன் பின்னால் போய்விடும். "ஏங்க, பொழுது போவுது, உக்காருங்க" என்பாள் இவள். "மலை மறைச்சா அஸ்தமனமா? மலைக்கு அந்தாண்ட அடி அண்ணாமலையில போய்ப் பாரு, இன்னும் வெயில் காயுது" என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார் அவர். உப்புக் கம்மியான ரசத்தை முகம் சுளித்துக் குடிப்பார். மாத்திரையை விழுங்கியதும், "வண்டி கிளம்பிடுச்சு" என்பார். ஆயிரம் தடவை கேட்ட அந்த அசட்டு ஜோக்கை இன்னொரு தடவை கேட்க இப்போது என்ன வேண்டுமானாலும் கொடுப்பாள்.

தொண்ணூற்று ஏழில் ஒரு பௌர்ணமி. கீழ்பென்னாத்தூரில் உறவுக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போனவர், நாலு மணிக்கெல்லாம் வந்துவிடுவதாகச் சொல்லி மாத்திரையை வீட்டிலேயே விட்டுப்போனார். கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். இறங்கி நடந்து வீடு வந்து சேர்ந்தபோது மணி ஏழு. முகம் சிவந்திருந்தது. பின்மண்டையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

குணமதி மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். அவர் கையை ஆட்டினார்.

"பொழுது போயிடுச்சு குணா. காலையில பாத்துக்கலாம்."

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"மறக்கல. முப்பத்தெட்டு வருஷமா ரெண்டு பேரும் காப்பாத்தின விரதம். ஒரு மாத்திரைக்காக விடச் சொல்றியா?"

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. கோபத்துக்கு அடியில் பயம். இழுத்துக்கொண்ட அந்த வாய் கண்முன் வந்து நின்றது. கெஞ்சினால் இந்த மனுஷர் மசியமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். டம்ளரைத் தூக்கி, அவர் பார்க்கப் பார்க்க, மடமடவென்று தானே குடித்தாள்.

"ஐயோ, இன்னா பண்ற!" என்று எழப்போனார் ஜம்புகுமார்.

"இப்ப நான் கெட்டாச்சு. நீங்க மட்டும் தனியா சுத்தமா இருந்து இன்னா பண்ணப் போறீங்க?"

டம்ளரை மறுபடி நிரப்பி நீட்டினாள். அவர் கையை நீட்டி வாங்கி, மாத்திரையை விழுங்கினார்.

அதற்கப்புறம் ஒன்பது வருஷம் இருந்தார், கை கால் நன்றாக இருந்து. தெரியாமல் மிதித்த எறும்புக்குக்கூட உபவாசம் இருந்து பிராயச்சித்தம் தேடுகிறவள் குணமதி. அந்த ஒரு டம்ளர் தண்ணீருக்கு மட்டும் இன்றுவரை தேடவில்லை. தேடுகிற உத்தேசமும் அவளுக்கு இல்லை.