குடிக்காதவனுக்கு ஒரு போலீஸ் ரிப்போர்ட்

இந்த மலாய் நாட்டில் எதுவும் தானாக நடந்துவிடாது. போலீஸ் ஸ்டேஷன் புத்தகத்தில் எழுதிய பிறகுதான் அது நடந்ததாக அர்த்தம். கோழி காணாமற்போனாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரன் கையை ஓங்கினாலும் சரி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வரிசை வீட்டுச் சனங்கள் முதலில் கேட்கும் கேள்வி, “ரிப்போட்டு போட்டாச்சா?” என்பதுதான். திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு இது ஆரம்பத்தில் விளங்கவே இல்லை. அங்கே போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் தெருவை விட்டுவிட்டு மறு தெரு வழியாகப் போகிறவர்கள் நாங்கள். திருடு போனால்கூட, பொருள்தான் போயிற்று, மானமாவது மிஞ்சட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருப்போம். இங்கேயோ காயத்துக்கு மருந்து போடுவதற்கு முன்னால் ரிப்போர்ட் போட வேண்டும். சும்மா சொல்லவில்லை, எனக்கே அப்படித்தான் நடந்தது.

கோலாலம்பூரில் ஒரு ரப்பர் கம்பெனிக் கிடங்கில் நான் கிராணி. இங்கே கணக்குப்பிள்ளை, குமாஸ்தா எல்லோருக்கும் கிராணி என்றுதான் பெயர். கப்பலேறும் சரக்கைச் சரிபார்க்க அடிக்கடி ரயிலில் கிள்ளானுக்குப் போவேன். அன்றும் கிள்ளானில் இறங்கி மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தேன். முனையில் திரும்பிய மோட்டார் கார் ஒன்று என்னைத் தூக்கிக் கால்வாய் ஓரத்தில் எறிந்தது. தலை கல்லில் மோதியது. முதலாளியின் காரை ஓட்டிவந்த சீனர் நல்ல மனிதர். ஓடிவந்து என்னை எடுத்துக் காரில் வைத்து, ஆஸ்பத்திரியைத் தாண்டிக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்கினார்! சட்டை முழுக்க இரத்தம். மேஜைக்குப் பின்னால் இருந்த மலாய்க்கார சார்ஜெண்ட் பேனாவை மையில் தோய்த்து, “ஆப்பா பாசால்?” என்றார். என்ன விஷயம் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த பாசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சு மலாயில், கார் இடித்ததைச் சொன்னேன். நான் மேஜையைப் பிடித்தபடி தள்ளாடுவதைப் பார்த்து, ஏன் ஆடுகிறாய் என்று கேட்டார். தலை சுற்றுகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மலாய்ச் சொல்லை, ஐயா என்ற மரியாதையும் சேர்த்துச் சொன்னேன்: “மாபோக், துவான்.” அவர் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். அந்த நிலைமையிலும் சரியான சொல் வாயில் வந்ததே என்று எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

தையல் போட்டு, படுத்துக் கிடந்து, தலைக்கட்டோடு ஆபீசுக்குப் போனபோது பெரிய கிராணி செல்லப்பா என்னை உள்ளே விடவில்லை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், மெதடிஸ்ட், கழுத்துப் பட்டியைத் தளர்த்தி நான் பார்த்ததில்லை. வாசலிலேயே நிறுத்திக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“நீர் அண்டைக்குக் குடிச்சிருந்தீராம் காணும். கார்க்காரற்றை முதலாளி துரையின்ரை காதிலை போட்டுட்டார். பொலிஸ் றிப்போட்டிலை அப்பிடித்தான் கிடக்காம். இல்லையெண்டா ஒரு கொப்பி எடுத்துக்கொண்டு வாரும். இருந்துதெண்டா வீட்டுத் திறப்பைக் கொண்டு வாரும்.”

அவர்கள் பேச்சில் கொப்பி என்றால் நகல், திறப்பு என்றால் சாவி. நாங்கள் குடியிருக்கும் வீடு கம்பெனி வீடு. வேலை போனால் அன்றைக்கே வீடும் போகும். எனக்கு முன்னால் இருந்த கிராணி கள்ளுக்கடையே கதியென்று கிடந்து சரக்கை மாற்றி ஏற்றிவிட்டதிலிருந்து, குடி என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் கம்பெனி வெள்ளைக்காரத் துரைக்கு முகம் சிவக்கும். எனக்கோ சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் வாழ்நாளில் கள்ளின் வாடையைத் தவிர வேறொன்றும் அறியேன். போதாக்குறைக்கு எங்கள் வட்டாரத்து மதுவிலக்குச் சங்கத்துக்கு நான்தான் காரியதரிசி! ஞாயிற்றுக்கிழமை தோறும் மரப்பெட்டி மேல் ஏறி நின்று கள்ளின் கேடுகளைப் பற்றித் தொண்டை கட்டப் பேசுகிறவன். “கொண்டு வருகிறேன் ஐயா, கண்ணாலேயே பாருங்கள்” என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு காகிதத்தைப் பார்த்து இன்னொரு காகிதத்தில் எழுதித் தர எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது?

முதலில் கிள்ளான். அந்த சார்ஜெண்ட் இல்லை, இளைஞனான ஒரு கான்ஸ்டபிள் இருந்தான். “ரிப்போட், காப்பி” என்றேன். அவன் முகம் மலர்ந்து, எதிர்ப்புறத்தைக் கைகாட்டி, “கோப்பி? சானா!” என்றான். அங்கே இருந்தது சீனர் ஒருவரின் காப்பிக்கடை. இல்லை, காப்பி, காப்பி என்று எழுதுவது போலக் கையை அசைத்துக் காட்டினேன். சீனி போட்டுக் கலக்குவதாக நினைத்துக்கொண்டு அவனும் தலையை ஆட்டினான். நம் நாட்டில் நகலுக்கும் காப்பி, குடிப்பதற்கும் காப்பி என்று ஒரே பெயரை வைத்தவர்களைச் சபித்துக்கொண்டு, உள்ளே இருந்த வேறொருவரைப் பிடித்தேன். கார் முதலாளி கோலாலம்பூர்க்காரர் ஆகையால் காகிதமெல்லாம் கோலாலம்பூருக்குப் போய்விட்டது என்றார் அவர்.

கோலாலம்பூர் பெரிய ஸ்டேஷனில் தாடியைச் சுருட்டிக் கட்டிய சீக்கியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பஞ்சாபிலிருந்து வந்த அவரும் தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து வந்த நானும் மூன்றாவது ஒருவருடைய பாஷையில் சண்டை போட்டோம். “சூராட் மானா?” என்றார். கடிதம் எங்கே என்று அர்த்தம். நகல் எதற்கு வேண்டும் என்று ஆபீசிலிருந்து கடிதம் வாங்கி வர வேண்டுமாம். ஆபீசுக்கு ஓடினேன். ரிப்போர்ட்டைப் பார்க்காமல் உமக்குக் கடிதம் தந்தால் துரை என்னைக் கேட்பார் என்றார் செல்லப்பா. கடிதம் இல்லாமல் ரிப்போர்ட் இல்லை, ரிப்போர்ட் இல்லாமல் கடிதம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் வெயிலில் நடந்து நடந்து தையல் போட்ட இடம் மறுபடி விண்விண்ணென்று தெறித்தது. கடைசியில் அந்த சீக்கியரே மனம் இரங்கி, “ஏசோக்” என்றார். நாளைக்கு வா என்று பொருள். அடுத்த நாள் போனேன், ஏசோக். அதற்கும் அடுத்த நாள், ஏசோக். அந்தச் சொல் காதில் விழுந்தாலே எனக்கு ஏசத்தான் வாய் வந்தது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. என் மனைவி காமாட்சி சட்டிபானைகளைக்கூடக் கழுவிக் கவிழ்த்து மூட்டை கட்டத் தோதாக வைத்துவிட்டாள். “போலீஸ்காரங்க கேட்டா பேசாம நிக்கத் தெரியாதா? தெரிஞ்ச மலாயெல்லாம் அங்கதான் அவுத்து விடணுமா?” என்றாள். “நான் தப்பா ஒண்ணும் சொல்லலடி, தலை சுத்துதுன்னுதான் சொன்னேன்” என்றேன். “அப்ப எவன் எழுதுனானோ அவன் தலையில இடி விழ” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். இரண்டு பிள்ளைகளும் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே விழித்துக் கிடந்தேன். இந்த வீட்டை விட்டால் செமினிப் பக்கம் ஏதாவது ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில்தான் போய் ஒண்ட வேண்டும்.

ஒருவழியாக நகல் கையில் வந்தது. ஸ்டேஷன் படியிலேயே நின்று படித்தேன். கார் இடித்தது, மழை பெய்தது எல்லாம் சரி. அதற்குக் கீழே, புகார்க்காரர் தாம் குடிபோதையில் இருந்ததாகத் தாமே ஒப்புக்கொண்டார் என்று பளிச்சென்று ஆங்கிலத்தில் அடித்திருந்தது. டிரங்க்! அந்தச் சொல்லைப் பார்த்தபடி நின்றேன். பிறகுதான் மண்டையில் உறைத்தது. நான் சொன்னது ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லைத்தான் இங்கே எவனோ இப்படி ஆக்கியிருக்கிறான்.

அந்தச் சொல்லை நான் கற்றது கடலில். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய அன்றே என் குடல் வாய்க்கு வந்துவிட்டது. மேல்தளத்தில் ஆட்டு மந்தை போல அடைத்துக் கிடந்தோம். வாந்தி எடுக்காத நேரம் கண்ணை மூடிக் கிடந்தேன். பக்கத்தில் பாய் விரித்திருந்த மரைக்காயர் ஒருவர் பினாங்கில் கடை வைத்திருப்பவர், பலமுறை போய்வந்த மனிதர். ஊறுகாய் ஒரு துண்டை நாக்கில் வைத்துவிட்டு, “பயப்படாதீங்க தம்பி. இதுக்கு அவுஹ ஊர்ல மாபோக்குன்னு பேரு. எல்லாருக்கும் வரும்” என்றார். புது நாட்டின் பாஷையில் நான் கற்ற முதற்சொல் அது. அதே சொல் கள்ளுக்கடை வாசலில் விழுந்து கிடப்பவனுக்கும் பொருந்தும் என்று அவர் சொல்லவில்லை. குடிகாரர்களோடு பழக்கமில்லாததால் பிறகும் எனக்கு அது தெரிய வழியில்லாமற் போயிற்று. யோசித்துப் பார்த்தால் நம் மயக்கம் என்ற சொல்லும் அப்படித்தானே? பசியில் விழுந்தாலும் மயக்கம், போதையில் விழுந்தாலும் மயக்கம். தமிழனும் மலாய்க்காரரும் ஒன்றாகப் போட்டுக் கட்டிய மூட்டையை இங்கிலீஷ்காரன் பாஷைதான் பிரித்துத் தொலைத்திருக்கிறது.

மறுபடி கிள்ளானுக்கு ஓடினேன். இந்தத் தடவை அந்த சார்ஜெண்டே இருந்தார். நகலை மேஜைமேல் போட்டேன். அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, என் நெஞ்சைத் தொட்டு, “லூ செண்டிரி சாக்காப் மாபோக்” என்றார். நீதானே சொன்னாய் என்றார். “மினும் தோடி?” என்று கள் குடிப்பது போல் சைகை காட்டினார். “தீடாக்! காப்பால்! லாவுட்!” என்று கத்தினேன். இல்லை, கப்பல், கடல் என்றுதான் சொன்னேன். கிள்ளான் ரோட்டில் நடந்த விபத்தில் கடல் எங்கிருந்து வந்தது என்று அவர் திகைத்துப் போனார். நான் அங்கேயே அலையில் கப்பல் ஆடுவது போல ஆடி, வாந்தி எடுப்பது போலக் குனிந்து காட்டினேன். ஸ்டேஷனில் இருந்தவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். சார்ஜெண்டுக்குச் சட்டென்று புரிந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தார். தலையைத் தொட்டு, “பெனிங்” என்றார். தலைச்சுற்றலுக்கு அதுதான் சொல்லாம். அதைத் திருத்தி எழுதுங்கள் என்று கும்பிட்டேன். அவர் முகம் கடுமையாகிவிட்டது. போலீஸ் புத்தகத்தில் எழுதியதை அடிக்கக் கூடாது, வேண்டுமானால் கீழே சேர்க்கலாம் என்றார். சேர்த்தார். பிறகு அது கோலாலம்பூருக்குப் போக வேண்டும், ஆங்கிலமாக வேண்டும், நகலாக வேண்டும். எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். அவர் என்ன சொன்னார் என்று உங்களுக்கே தெரியும்.

புது நகலும் வந்தது. அதில் இருந்தது இதுதான்: புகார்க்காரர் குடிபோதையில் இருந்தார். தமக்குத் தலை சுற்றியதாகவும் பின்னர் தெரிவிக்கிறார்.

செல்லப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “குடிச்சவனுக்கும் தலை சுத்துந்தானே காணும்?” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கால்சட்டைப் பையில் கையை விட்டு வீட்டுச் சாவியை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன். மரைக்காயர் சொன்னதிலிருந்து சார்ஜெண்ட் சிரித்தது வரை கொட்டித் தீர்த்தேன். அவர் சாவியைத் தொடாமல், காகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு துரை அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் என்னையும் கூப்பிட்டார்கள். துரை தோட்டங்களில் இருந்தவர், மலாய் நன்றாகத் தெரியும். என்னை ஏற இறங்கப் பார்த்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “மாபோக் லாவுட்?” கடல் மயக்கமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, தாம் லண்டனிலிருந்து வந்தபோது பாதி வழி வரை படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்று ஆங்கிலத்தில் யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். பிறகு, போய் வேலையைப் பார் என்றார். வெளியே வந்தபோது செல்லப்பா சாவியை என் கையில் வைத்து, “இனி மலாய் பேசாதையும்” என்றார். வீட்டுக்கு வந்து காமாட்சியிடம் சாவியைக் கொடுத்தேன். அவள் கவிழ்த்து வைத்த பானையை நிமிர்த்தி அடுப்பில் ஏற்றினாள்.

மதுவிலக்குச் சங்கத்தில் மட்டும் கதை எடுபடவில்லை. எழுத்தில் இருக்கிறதே என்றார்கள். காரியதரிசி பதவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு இப்போது பின்வரிசையில் உட்காருகிறேன்.

போன தை மாதம், பல வருஷங்களுக்குப் பிறகு ஊருக்குப் போனேன். கப்பலில் பழையபடியே குடல் வாய்க்கு வந்தது. நாகப்பட்டினத்தில் படகிலிருந்து மணலில் கால் வைத்ததும் தரை கப்பலைவிட அதிகமாக ஆடியது. நான் தள்ளாடியதைப் பார்த்து ஒரு போலீஸ்காரர் வந்து என் தோளைப் பிடித்து, மூக்கைக் கிட்டே கொண்டுவந்து மோந்து பார்த்தார். “ஏன்யா, எறங்குன ஒடனேயேவா?” என்றார். இல்லை ஐயா, தலை சுற்றுகிறது என்றுதான் சொல்ல நினைத்தேன். சத்தியமாகத் தமிழில்தான் நினைத்தேன். வாயில் வந்தது, “மாபோக்.”

“என்ன போக்கு? எந்தப் போக்கு? நேரா நில்லுய்யா.”

“ஐயா, புண்ணியமாப் போகும், இத எதுலயும் எழுதிடாதீங்க” என்று கையைக் கூப்பினேன்.

அவருக்குச் சந்தேகம் அதிகமாகிவிட்டது. பிடியை இறுக்கிக்கொண்டு, “எந்த ஊருய்யா நீ?” என்று கேட்டார். சொல்ல வாயெடுத்தேன். திருத்துறைப்பூண்டி என்பதா, பிரிக்பீல்ட்ஸ் என்பதா என்று முடிவு செய்வதற்குள் காலுக்கடியில் மணல் இன்னொரு முறை ஆடியது. விழாமல் இருக்க அவர் கையையே பிடித்துக்கொண்டேன்.